ஒரு துளிக்குள் எத்தனை பேர்?

1993-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பெண்ணைச் சிலர் சேர்ந்து பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பிடிபட்ட ஒருவர், தன் தண்டனை குறையும் என்ற பேரத்தில், இன்னொருவரைக் கைகாட்டினார். அந்த இன்னொருவரின் டி.என்.ஏ.வும் மருத்துவப் பரிசோதனையில் எடுத்த மாதிரியில் இருக்கிறதா என்று ஆய்வகம் பார்த்தது. மாதிரியிலோ பலருடைய டி.என்.ஏ. கலந்து கிடந்தது. இவரை ‘ஒதுக்கிவிட முடியாது’ என்று அறிக்கை போனது. 2002-ல் அவருக்கு 20 ஆண்டு சிறை.

பிறகு இரண்டு ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த இட்டியல் ட்ரோர், மனித மூளை எப்படி முடிவெடுக்கிறது என்பதை ஆராய்பவர். கிரெக் ஹாம்பிகியன், அமெரிக்காவின் பாய்சி மாநிலப் பல்கலைக்கழக உயிரியல் பேராசிரியர். அந்த வழக்கின் டி.என்.ஏ. வரைபடத்தை அப்படியே எடுத்து, வேறோர் ஆய்வகத்தில் அன்றாடம் இதே வேலையைப் பார்க்கும் 17 நிபுணர்களிடம் கொடுத்தார்கள். வழக்கின் கதையை மட்டும் சொல்லவில்லை. யார் யாரைக் கைகாட்டினார், காவல்துறை என்ன நினைக்கிறது என்ற எதுவும் தெரியாமல் படித்த அந்தப் 17 பேரில், பழைய அறிக்கையோடு ஒத்துப்போனவர் ஒரே ஒருவர். நான்கு பேர் ‘முடிவு சொல்ல முடியாது’ என்றார்கள். மீதி 12 பேர், ‘இந்த ஆளை ஒதுக்கிவிடலாம்’ என்றார்கள். 2011-ல் இந்த ஆய்வு வெளியானபோது, கைகாட்டப்பட்டவர் சிறையில்தான் இருந்தார்.

‘டி.என்.ஏ. பொருந்திவிட்டது’ என்று செய்தி வந்தால், வழக்கு முடிந்தது என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒரே ஒருவரின் ரத்தம் தாராளமாகக் கிடைத்த வழக்குகளில் அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரியானதே. இரண்டாவது ஆள் அந்த மாதிரிக்குள் நுழைந்ததுமே கதை மாறுகிறது. மூன்றாவது, நான்காவது ஆள் வந்துவிட்டால், ஆய்வகத்தின் வேலை பாதி வேதியியல், பாதி ஊகக் கணக்கு.

அந்த வரைபடத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

மிருதங்கம் பழகும் பிள்ளைகள் வாயால் ‘தகதிமி, தகதிமி’ என்று சொல்லிப் பழகுவார்கள். நான்கு எழுத்து, திரும்பத் திரும்ப அதே நான்கு எழுத்து. நம்முடைய டி.என்.ஏ.விலும் இப்படி நான்கு எழுத்துத் துணுக்கு ஒன்று விடாமல் அடுத்தடுத்து ஒலிக்கும் இடங்கள் உண்டு. 11-ஆம் குரோமோசோமில் ‘டி.எச்.01’ என்று பெயரிட்ட ஓர் இடம் இருக்கிறது. அங்கே ‘ஏ ஏ டி ஜி’ என்ற துணுக்கு சிலருக்கு 6 முறை வரும், சிலருக்கு 7, சிலருக்கு 9. பலருக்கு 9.3 என்றுகூட வரும். அதாவது ஒன்பது முழுத் ‘தகதிமி’, அதோடு ஓர் எழுத்து குறைந்த ‘தகதி’. அம்மாவிடமிருந்து ஓர் எண், அப்பாவிடமிருந்து ஓர் எண் என ஒவ்வொருவருக்கும் இரண்டு எண்கள். இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம்.

ஓர் இடத்தில் இரண்டு பேருக்கு எண்கள் ஒத்துப்போவது சர்வ சாதாரணம். அதனால்தான் பல இடங்களை ஒருசேரப் பார்க்கிறார்கள். அமெரிக்க தேசியத் தரவுத்தளம் முன்பு 13 இடங்களைப் பார்த்தது. 2017 முதல் 20 இடங்கள். இருபதிலும் இருவருக்கு ஒத்துப்போகும் வாய்ப்பைப் பெருக்கிக்கொண்டே போனால், உலக மக்கள்தொகையை விடப் பல மடங்கு பெரிய எண்ணில் ஒன்று என்று வந்து நிற்கும். உடன்பிறந்த ஒற்றைக்கரு இரட்டையர்கள் மட்டும் விதிவிலக்கு.

கருவி தருவது ஒரு கோட்டு வரைபடம். ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு முகடு எழும்பும். டி.என்.ஏ. எவ்வளவு இருந்ததோ அந்த அளவுக்கு முகடு உயரம். ஒருவர் மட்டும் என்றால் ஓர் இடத்தில் அதிகபட்சம் இரண்டே முகடுகள், ஏறத்தாழ ஒரே உயரத்தில்.

இப்போது ஒரு கலவையைக் கையில் எடுப்போம். டி.எச்.01-ல் நான்கு முகடுகள்: 6-ம் 9.3-ம் ஆயிரம் அலகு உயரம். 7-ம் 9-ம் இருநூற்றைம்பது. இதைப் படிப்பது எளிது. நிறையக் கொடுத்தவருடைய எண்கள் 6, 9.3. கொஞ்சமாகக் கொடுத்தவருடையவை 7, 9. நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருவர்.

அடுத்த இடத்துக்குப் போனால் மூன்றே முகடுகள். இரண்டு உயரம், ஒன்று குட்டை. குட்டை முகடு இரண்டாமவருடையது, சரி. அவருடைய இன்னோர் எண் எங்கே போனது? அதுவும் அதே எண்ணாக இருக்கலாம். முதலாமவரின் முகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கலாம். அல்லது வரைபடத்தில் வராமலே போயிருக்கலாம். மூன்றுக்கும் வாய்ப்பு உண்டு.

இதில் இன்னொரு தொல்லை சேர்கிறது. கிடைத்த துளி டி.என்.ஏ.வை அப்படியே கருவியில் போட முடியாது; பி.சி.ஆர். முறையில் நகலெடுத்துப் பெருக்க வேண்டும். 28 சுற்று என்றால், கணக்குப்படி ஒரு பிரதி 26 கோடிக்கு மேல் பெருகும். நகலெடுக்கும் நொதி சில வேளைகளில் தாளம் தப்பி, ஒரு ‘தகதிமி’யை விழுங்கிவிடும். அதனால் 9-க்குப் பக்கத்தில், 8 என்ற இடத்தில், பொய்யாக ஒரு குட்டி முகடு முளைக்கும். உண்மையான முகட்டின் உயரத்தில் பத்து, பதினைந்து சதவீதம் வரை அது வரும். தனியாள் மாதிரியில் இதை எளிதில் அடையாளம் கண்டு ஒதுக்கிவிடலாம். கலவையில், கொஞ்சமாகக் கொடுத்த இரண்டாமவரின் நிஜ முகடும் ஏறத்தாழ அதே உயரத்தில் நிற்கலாம். எது நிஜம், எது நொதியின் தடுமாற்றம் என்று முகட்டில் எழுதி ஒட்டியிருக்காது.

டி.என்.ஏ. மிகக் குறைவாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு மனித செல்லில் இருக்கும் டி.என்.ஏ.வின் எடை சுமார் 6.6 பிகோகிராம். ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் ஒரு பங்குதான் பிகோகிராம். பதினைந்து செல்களிலிருந்து கிடைப்பது நூறு பிகோகிராமை எட்டாது. அந்த அளவில், நகலெடுப்பு தொடங்கும்போதே சில எண்கள் தற்செயலாகத் தவறிப்போகும். காற்றில் மிதந்து வந்த ஒரு துணுக்கு தற்செயலாகச் சேர்ந்தும்விடும்.

பதினைந்து செல்லில் எதற்காகத் தேட வேண்டும்? 1997-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னைச் சேர்ந்த ரோலண்ட் வான் ஊர்ஷாட்டும் அவருடைய சகாவும், கையால் தொட்ட பொருள்களிலிருந்தே டி.என்.ஏ. எடுக்கலாம் என்று காட்டினார்கள். அதுவரை ரத்தக்கறை, விந்து, முடிவேர் என்று தேடியவர்கள், அதன்பின் கத்திப்பிடி, துப்பாக்கி விசை, கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் துடைத்து அனுப்பத் தொடங்கினார்கள். கதவுக் கைப்பிடியை ஒரே ஒருவரா தொட்டிருப்பார்? கருவியின் கண் கூர்மையாகக் கூர்மையாக, தனியாள் மாதிரி அபூர்வமாகி, கலவையே வழக்கமானது. படிக்கும் திறமை மட்டும் அந்த வேகத்துக்கு வளரவில்லை.

எவ்வளவு வளரவில்லை என்பதை அமெரிக்கத் தேசியத் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2013-ல் நடத்திய ஒரு சோதனை காட்டியது. ‘மிக்ஸ்13’ என்று அதற்குப் பெயர். 108 ஆய்வகங்களுக்கு ஐந்து கற்பனை வழக்குகளின் தரவுகள் போயின. ஐந்தாவதில், நான்கு பேரின் டி.என்.ஏ. கலந்திருந்தும் பார்வைக்கு இரண்டு பேர் கலவைபோலத் தோன்றும் ஒரு வரைபடம். ஒப்பிட்டுப் பார்க்க மூன்று சந்தேக நபர்களின் எண்கள். முதல் இருவர் கலவையில் இருப்பவர்கள். மூன்றாமவர் இல்லாதவர், நிரபராதி. அந்த மூன்றாமவரையும் கலவைக்குள் சேர்த்துவிட்டவை 74 ஆய்வகங்கள். சோதனையை வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே கடினமாக்கிய கலவைதான் அது; எல்லா வழக்கும் அவ்வளவு சிக்கலாக வருவதில்லை. ஆனாலும் நூற்றியெட்டில் எழுபத்து நான்கு என்ற எண்ணை எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

எண்களைப் பிரிப்பது இவ்வளவு கடினம் என்றால், டி.என்.ஏ.வை எடுக்கும் முன்பே செல்களைப் பிரித்துவிட்டால் என்ன? ஒரு வகைக் கலவையில் அது முடியும் என்பதை லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அலெக் ஜெஃப்ரீஸும், பிரிட்டன் உள்துறை ஆய்வகத்தைச் சேர்ந்த பீட்டர் கில், டேவிட் வெரட் இருவரும் 1985-லேயே காட்டிவிட்டார்கள். ஜெஃப்ரீஸ் டி.என்.ஏ. ரேகையைக் கண்டுபிடித்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பஞ்சுக்குச்சியில் பெண்ணின் செல்களும் விந்தணுக்களும் சேர்ந்தே இருக்கும். சோப்புப் போன்ற ஒரு வேதிப்பொருளும் புரதத்தைத் தின்னும் ஒரு நொதியும் சேர்த்து ஊறவைத்தால் பெண்ணின் செல்கள் உடைந்து டி.என்.ஏ. கரைசலில் இறங்கிவிடும். விந்தணுவின் தலை மட்டும் உடையாது. கந்தகப் பாலங்களால் இறுக்கிக் கட்டிய புரதம் அதைக் காக்கிறது. நம் தலைமுடிக்கு உறுதி தருவதும் இதே வகைப் பாலம்தான். அழகு நிலையங்களில் முடியைச் சுருட்டவும் நேராக்கவும் பூசும் மருந்து இந்தப் பாலத்தைத்தான் அறுக்கிறது. ஊறிய கரைசலைச் சுழற்றினால் உடையாத விந்தணுக்கள் அடியில் படியும். மேலே நிற்பதை வடித்துவிட்டு, கந்தகப் பாலத்தை அறுக்கும் டி.டி.டி. என்ற வேதிப்பொருளைச் சேர்த்தால் ஆணின் டி.என்.ஏ. தனியாக வெளியே வரும். சாதாரண ஆய்வகக் குழாயில் நடக்கும் இந்த வேலை எத்தனையோ பெண்களுக்கு நீதி வாங்கிக் கொடுத்திருக்கிறது. இன்றும் உலகமெங்கும் நடக்கிறது.

விந்தணு இல்லாத வழக்கில் ‘ஒய்’ குரோமோசோமை மட்டும் படிக்கலாம். பெண்ணிடம் அது இல்லை என்பதால் ஆண்களின் எண்கள் மட்டும் எழும். ஆனால் அப்பா, மகன், சித்தப்பா, பெரியப்பா மகன் எல்லோருக்கும் அது பெரும்பாலும் ஒன்றே. ஆண்வழிக் குடும்பத்தைக் காட்டும், ஆளைக் காட்டாது. குற்றவாளிகள் பலர் என்றால், அங்கும் கலவைதான்.

ஆகவே கணக்குக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. இப்போது அந்தக் கணக்கை மென்பொருள்கள் போடுகின்றன. நியூசிலாந்து, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘எஸ்.டி.ஆர்.மிக்ஸ்’, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பிறந்த ‘ட்ரூஅலீல்’, நார்வேயில் எழுதப்பட்டு யாரும் இலவசமாகப் பிரித்துப் பார்க்கக்கூடிய ‘யூரோஃபார்மிக்ஸ்’ ஆகியவை முக்கியமானவை. முன்பெல்லாம் நிபுணர் ஒரு கோடு கிழித்து, அதற்கு மேலே உள்ள முகடுகளை எடுத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைத் தள்ளிவிடுவார். மென்பொருள் அவ்வளவு எளிதில் எதையும் தள்ளாது. யார் யாருக்கு எந்த எண்கள், எந்த விகிதத்தில் கலந்திருந்தால் இந்த உயரங்கள் வரும் என்று ஆயிரமாயிரம் சேர்க்கைகளை முயன்று பார்க்கும்.

கடைசியில் அது சொல்வது ஒரு விகிதம். இரண்டு கதைகளை அது ஒப்பிடுகிறது. முதல் கதை: கலவையில் இருப்பவர்கள் சந்தேக நபரும் முகம் தெரியாத இன்னொருவரும். இரண்டாவது கதை: இருவருமே முகம் தெரியாதவர்கள். முதல் கதை உண்மையானால் இந்த வரைபடம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு, இரண்டாவது உண்மையானால் எவ்வளவு? ‘பத்தாயிரம்’ என்று விடை வந்தால், முதல் கதைப்படி இந்த வரைபடம் கிடைக்கும் வாய்ப்பு பத்தாயிரம் மடங்கு அதிகம் என்று பொருள். அவர் நிரபராதியாக இருக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுதான் என்பது இதன் பொருள் அல்லவே அல்ல. நீதிமன்றங்களில் மிக எளிதாக நடக்கும் தவறு இது. கலவையில் எத்தனை பேர் என்பதை மனிதர்தான் பெரும்பாலும் முதலில் சொல்ல வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த எண் தவறினால் விடையும் தவறலாம்.

2016-ல் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு இந்த மென்பொருள்களை ஆராய்ந்து ஒரு வரம்பு சொன்னது. மூன்று பேர் வரை கலந்த மாதிரியில், ஒப்பிடப்படுபவரின் பங்கு குறைந்தது 20 சதவீதம் இருந்தால் நம்பலாம். அதற்கு மேலே சிக்கலான கலவைக்கு அன்றைக்குப் போதிய சான்று இல்லை என்றது. மென்பொருள் உருவாக்கியவர்கள் அதை ஏற்கவில்லை. கூடுதல் சோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

அதே ஆண்டில், நியூயார்க் மாநிலத்தின் பாட்ஸ்டாம் நகரில் 12 வயதுச் சிறுவன் கொல்லப்பட்ட வழக்கு நீதிமன்றத்தில் நின்றது. சிறுவனின் நகத்தடியில் கிடைத்த மிகச் சிறு கலவையை ட்ரூஅலீல் பார்த்து, எந்தப் பக்கமும் சொல்வதற்கில்லை என்றது. எஸ்.டி.ஆர்.மிக்ஸ் பார்த்து, சந்தேக நபர் இருக்கிறார் என்பதற்கு ஆதரவாகச் சொன்னது. நீதிபதி அந்த முடிவைச் சாட்சியமாக ஏற்க மறுத்தார். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். 2021-ல் நியூ ஜெர்சியின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது: ஒரு மனிதரின் சுதந்திரத்தைத் தீர்மானிக்கும் மென்பொருளின் மூல நிரலைப் பார்க்க எதிர்த்தரப்புக்கு உரிமை உண்டு என்று சொன்னது. மிகச் சரியான தீர்ப்பு. குறுக்கு விசாரணை செய்ய முடியாத சாட்சி நீதிமன்றத்துக்கு வரக் கூடாது.

ஆனால் இதே மென்பொருள்கள் நிரபராதிகளுக்கும் கைகொடுத்திருக்கின்றன. ஜார்ஜியாவில் 20 ஆண்டு தண்டனை பெற்றவரின் பழைய தரவுகளைக் கணினியில் மறுபடி ஓட்டியபோது, அவர் அந்தக் கலவையில் இல்லை என்ற பக்கமே கணக்குச் சாய்ந்தது. 2020 ஜனவரியில் அவர் வெளியே வந்தார். ஏறத்தாழ 18 ஆண்டுகள் உள்ளே இருந்துவிட்டு.

வேறொரு திசையிலிருந்து வந்த கண்டுபிடிப்பு ஒன்று பலரையும் திடுக்கிட வைத்தது. 2008-ல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகர ஆய்வாளர்கள், இருபது இடங்களுக்குப் பதிலாக லட்சக்கணக்கான ஒற்றையெழுத்து வேறுபாடுகளைப் பார்த்தால், நூற்றுக்கணக்கானவர்களின் டி.என்.ஏ. கலந்த குவியலிலும் ஒருவர் இருக்கிறாரா என்று சொல்லலாம் எனக் காட்டினார்கள். அவர் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருந்தாலும் போதும். காவல்துறைக்கு இது நல்ல செய்தியாகத் தோன்றலாம். மருத்துவ ஆய்வுக்குத் தங்கள் ரத்தத்தைக் கொடுத்தவர்களுக்கு அப்படி இல்லை. ஆயிரம் நோயாளிகளின் மரபணுத் தகவலைக் கூட்டிச் சராசரியாக வெளியிட்டால் யாரையும் அடையாளம் காண முடியாது என்று அதுவரை நம்பியிருந்தார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் அத்தகைய தொகுப்புகளைப் பொதுப் பார்வையிலிருந்து உடனே எடுத்துவிட்டது.

இப்போது ஆய்வு இரு வழிகளில் போகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் கென்னத் கிட் முன்வைத்த ‘நுண் ஹாப்லோவகை’ ஒன்று: அருகருகே உள்ள சில எழுத்து வேறுபாடுகளைக் கொத்தாகப் படிப்பது. அதில் ‘தகதிமி’ கிடையாது. ஆகவே நொதி தாளம் தப்பிப் பொய் முகடு எழுப்பவும் வழியில்லை. இன்னொன்று, அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் கிர்காக் குழு முதலானோர் உழைக்கும் வழி: செல்களை ஒன்றொன்றாகப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே படிப்பது. ஒரு செல் ஓர் ஆளுக்குத்தானே சொந்தம்? கலவை என்ற பேச்சே அங்கு இல்லை. ஆனால் கையில் இருப்பது அதே 6.6 பிகோகிராம்தான், ஒவ்வொரு செல்லிலும் பாதி எண்கள் தவறிப்போனாலும், பல செல்களை ஒப்பிட்டு ஒரே ஆளுடையவற்றை ஒன்றுசேர்க்க வேண்டும்.

இத்தனையும் முழு வெற்றி பெற்றாலும் விடை கிடைக்காத கேள்வி ஒன்று உண்டு. அந்த டி.என்.ஏ. அங்கே எப்படி வந்தது?

2012 நவம்பரில் கலிஃபோர்னியாவில் ஒரு தொழிலதிபர் வீட்டில் கொள்ளையர்கள் புகுந்தார்கள், அவர் இறந்தார். அவருடைய நகத்தில் இன்னொருவரின் டி.என்.ஏ. கிடைத்தது. தரவுத்தளத்தில் தேடி, வீடற்ற ஒருவரைக் கொலைக் குற்றத்தில் பிடித்தார்கள். ஐந்து மாதம் போல் சிறையில் இருந்தார். பிறகுதான், கொலை நடந்த இரவில் அவர் அளவுமீறிக் குடித்து மயங்கி மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தது பதிவேடுகளிலிருந்து தெரியவந்தது. அவரை அன்று மாலை மருத்துவமனையில் சேர்த்த அதே ஆம்புலன்ஸ் ஊழியர்கள்தான், சில மணி நேரம் கழித்துத் தொழிலதிபர் வீட்டுக்கும் போயிருந்தார்கள். கலவையை உண்டாக்கியது கொலைகாரன் அல்ல. உயிரைக் காக்க ஓடியவர்களின் கையோ கருவியோதான். ஜெர்மனியில் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. ஹைல்பிரான் நகரில் 2007-ல் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்ட இடம் உட்பட, மூன்று நாடுகளில் சுமார் 40 இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைக்க, ஆண்டுக்கணக்கில் அவளைத் தேடினார்கள். 2009-ல் தெரிந்தது, அது மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சியைத் தயாரிக்கும் இடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணுடையது என்று.

மாதிரி எடுத்த பிறகும் கலவை உருவாகும் என்பதால்தான், தேனி மாவட்ட வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொன்னது தமிழக வாசகர்களுக்கு முக்கியமானது. சுருளி அருவிப் பகுதியில் 2011-ல் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டது. அந்த வழக்கில் ஒருவருக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்து, உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்திருந்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போனதில் தாமதம். இடைப்பட்ட நாள்களில் அவை யார் பொறுப்பில், எந்த நிலையில் இருந்தன என்பதற்குச் சரியான பதிவு இல்லை. அப்படிப்பட்ட மாதிரியில் கலப்பு நேர்ந்திருக்கவே முடியாது என்று சொல்ல வழியில்லை என்பது நீதிபதிகள் கண்ட முக்கியக் குறைகளில் ஒன்று.

அதோடு நிற்காமல், நாடு முழுவதற்கும் நடைமுறை வகுத்துக் கொடுத்தது நீதிமன்றம். மாதிரி எடுத்த 48 மணி நேரத்துக்குள் அது ஆய்வகத்தை அடைய வேண்டும். தாமதமானால் காரணம் எழுத வேண்டும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் உறையைப் பிரிக்கக் கூடாது. எடுத்த நாள் தொடங்கி வழக்கு முடியும் வரை ஒரு பதிவேடு இருக்க வேண்டும்: உறை யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எந்தத் தேதியில், என்ன காரணத்துக்கு என்று ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு வரி.